ஆழமா, பரப்பா, கொள்ளளவா: உலகின் பெரிய நன்னீர் ஏரிகளை எதை வைத்து அளப்பது?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பொது அறிவுப் போட்டிகளில் அடிக்கடி வரக்கூடிய கேள்வி இது: உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி எது? ஒரு பிள்ளை சுப்பீரியர் என்று எழுதும். இன்னொன்று பைக்கால் என்று எழுதும். மூன்றாவது காஸ்பியன் என்று எழுதும். நியாயம் பார்த்தால் முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் புள்ளி கொடுக்க வேண்டும். கேள்வியில் 'நன்னீர்' என்ற சொல் இல்லாதிருந்தால் மூன்றாவது பிள்ளையும் தப்பியிருக்கும். தவறு பிள்ளைகளிடம் இல்லை. 'பெரிய' என்றால் எதில் பெரியது என்று கேள்வியே சொல்லவில்லை.

குளத்தோடு புழங்குகிற ஊர்களுக்கு இதில் குழம்பத் தேவையில்லை. ஒரு குளத்தைப் பற்றிப் பேசும்போது மூன்று எண்கள் வரும்: தண்ணீர் பரந்து நிற்கிற பரப்பு, துருசு (மதகு) மட்டத்துக்கு மேலே எத்தனை அடி நிற்கிறது என்ற உயரம், மொத்தம் எத்தனை ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர்) என்ற கொள்ளளவு. வரண்ட காலத்துச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று ஆரம்பக் கூட்டத்தில் முடிவெடுக்க உதவுவது மூன்றாவது எண்தான். அடிக்கணக்கை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். குளத்தின் கரை சரிவாகப் போவதால், வான் மட்டத்தில், அதாவது குளம் நிரம்பி வழியும் மட்டத்தில், ஓர் அடி இறங்கும்போது போகிற தண்ணீர், அடியில் ஓர் அடி இறங்கும்போது போவதைவிடப் பல மடங்கு அதிகம். துருசு வாய்க்குக் கீழே கிடக்கிற தண்ணீர் கணக்கில் இருக்கும், வயலுக்கு வராது. இதை வட்டவிதானைகளுக்கு (வயலுக்கு நீர் பங்கிடும் பொறுப்பாளர்களுக்கு) யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உலகத்து ஏரிகளுக்கும் கணக்கு இதேதான், எண்களில் சில பூச்சியங்கள் கூடும்.

ஆழத்தில் முதலிடம் ரஷ்யாவின் சைபீரியாவிலுள்ள பைக்காலுக்கு: 1,642 மீற்றர். பழைய நூல்களில் 1,637 என்று இருக்கும். அடுத்தது ஆபிரிக்காவின் தங்கனீக்கா, 1,470 மீற்றர். இந்த இரண்டுக்கும் பிறகு பெரிய இடைவெளி. ஆர்ஜென்டீனாவும் சிலியும் பங்குபோட்டுக்கொள்ளும், இரண்டு நாட்டிலும் இரண்டு பெயர் கொண்ட ஒஹிகின்ஸ் - சான் மார்ட்டின் ஏரி 836 மீற்றர், மலாவி 706, கனடாவின் கிரேட் ஸ்லேவ் 614. காஸ்பியன் 1,025 மீற்றர் ஆழம் போகிறது. ஆனால் அதன் தண்ணீரில் சராசரியாக 1.2 வீதம் உப்பு. கடலில் இருப்பதில் மூன்றிலொரு பங்கு. அதனால் நன்னீர்ப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

பரப்பில் முதலிடம் வட அமெரிக்காவின் சுப்பீரியர், 82,100 சதுர கிலோமீற்றர். இலங்கை முழுவதும் 65,610 தான். தீவைத் தூக்கி உள்ளே வைத்தாலும் சுற்றிவரத் தண்ணீர் மிஞ்சும். இரண்டாவது ஆபிரிக்காவின் விக்டோரியா, 68,800. இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. சுப்பீரியருக்குப் பக்கத்திலுள்ள மிச்சிகனும் ஹியூரனும் மக்கினாக் நீரிணையால் இணைந்திருக்கின்றன. நீரிணை சுமார் 8 கிலோமீற்றர் அகலம், இரண்டு பக்கமும் நீர்மட்டம் ஒன்றுதான். நீரியல் கணக்குப்படி அது ஒரே ஏரி. சேர்த்தால் ஏறத்தாழ 117,000 சதுர கிலோமீற்றர், சுப்பீரியரை மிஞ்சிவிடும். வரைபடத்தில் இரண்டு பெயர் இருப்பதால் மட்டுமே சுப்பீரியர் முதலிடத்தைத் தக்கவைத்திருக்கிறது.

கொள்ளளவுக்கு வந்தால் போட்டியே இல்லை. பைக்காலில் 23,600 கன கிலோமீற்றர் தண்ணீர். உலகில் உறையாமல் நிலத்தின் மேலே கிடக்கிற நன்னீரில் அது ஐந்திலொரு பங்குக்குக் குறையாது. தங்கனீக்காவில் 18,900, சுப்பீரியரில் 12,100. இந்த மூன்றையும் கூட்டினால் உலகின் எல்லா நன்னீர் ஏரிகளிலும் உள்ளதில் பாதிக்கு மேல்.

கன கிலோமீற்றர் என்றால் கண்ணுக்குள் எதுவும் நிற்காது. நம் அளவில் சொல்வோம். இங்கினியாகலையில் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் அடி சுமார் 1,233 கன மீற்றர், ஆகவே அது 0.95 கன கிலோமீற்றர். அந்தக் கணக்கில் பைக்கால் ஏறத்தாழ 25,000 சேனநாயக்க சமுத்திரங்கள், தங்கனீக்கா 20,000, சுப்பீரியர் 12,700. பரப்பில் இரண்டாவதான விக்டோரியா 2,800 தான். பைக்காலின் தண்ணீரை இலங்கை முழுக்கச் சமமாகப் பரப்பினால் 360 மீற்றர் உயரத்துக்கு நிற்கும். விக்டோரியாவினதை அப்படிப் பரப்பினால் 41 மீற்றர்.

ஆழம் அளப்பது பற்றியும் ஒரு சொல். கம்பு ஊன்றித் தோணி தள்ளுகிற மட்டக்களப்பு வாவியில் ஆழத்தை அளக்கக் கருவி தேவையில்லை. ஆழமான இடத்திலும் நாலைந்து மீற்றர்தான். பைக்காலில் ஒலியை அடிக்கு அனுப்பி, திரும்பி வர எடுக்கிற நேரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். போய்வர இரண்டேகால் செக்கனுக்குச் சற்றுக் கூட. பிழை விடுவதற்கு வசதியான இடம் ஒலியின் வேகம். கடலுக்கு வழக்கமாக வைக்கும் செக்கனுக்கு 1,500 மீற்றர் என்ற அளவை மாற்றாமல், 1,430 அளவில் ஓடுகிற குளிர்ந்த நன்னீரில் அளந்தால் விடை ஐந்து வீதம் கூடிவிடும். வாவியில் அது ஒரு சாண். பைக்காலில் 80 மீற்றர்.

பள்ளம் விழுந்த விதம்

நிலத்தில் இவ்வளவு ஆழமான பள்ளம் தானாக உண்டாக வழிகள் சிலதான். முதலாவது, பூமியின் மேலோடு இரண்டு பக்கமும் இழுபட்டுப் பிரிந்து நடுத்துண்டு கீழே இறங்குவது. பைக்கால், தங்கனீக்கா, மலாவி மூன்றும் அப்படிப் பிறந்தவை. அதனால்தான் மூன்றும் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கின்றன. பைக்கால் 636 கிலோமீற்றர் நீளம், அகலம் கூடிய இடத்திலும் 79 தான். இரண்டாவது, பனிக்கட்டியாறுகள் பாறையைச் சுரண்டித் தோண்டுவது. கிரேட் ஸ்லேவ் அப்படி. சுப்பீரியர் இரண்டும் கலந்த கதை: 110 கோடி வருடத்துக்கு முன் பிளக்கத் தொடங்கி இடையில் நின்றுபோன பழைய வெடிப்பை, மிகப் பிந்தி வந்த பனிக்கட்டி மீண்டும் தோண்டியது. மூன்றாவது எரிமலை. வாய் இடிந்து விழுந்த பள்ளத்தில் மழைநீர் நிரம்பியது அமெரிக்காவின் கிரேட்டர் ஏரி. 594 மீற்றர் ஆழம், உள்ளே வர ஆறுமில்லை, வெளியே போக ஆறுமில்லை. வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் சுமாத்திராவில் இருக்கிற தோபா ஏரி, சுமார் 74,000 வருடத்துக்கு முன் வெடித்த மலையின் வாய். அன்று பறந்த சாம்பல் இந்தியா வரை படிந்து கிடக்கிறது.

கிழக்கிலங்கைக்கு இந்த மூன்றில் ஒன்றுமே வாய்க்கவில்லை. நமக்குக் கீழே இருப்பது விஜயன் தொகுதி என்கிற, 50 கோடி வருடத்துக்கு முன்பே இறுகிப்போன உருமாறிய பாறை. பிளவு இல்லை, பனி இல்லை, எரிமலை இல்லை. ஆகவே இயற்கையான ஆழமான ஏரியும் இல்லை. இருப்பவை ஆற்றோரத் தாழ்நிலத்தில் வெள்ளம் தேங்கும் வில்லுகள், கடல்மட்டம் உயர்ந்தபோது உள்ளே புகுந்து மணல் திட்டால் அடைபட்ட வாவிகள், மனிதர் கட்டிய குளங்கள். ஆழமில்லை என்பதை ஒரு குறையாக எடுக்கத் தேவையில்லை. ஆனால் தண்ணீரின் குணம் அதனால் மாறுகிறது.

ஆயுளும் மாறுகிறது. ஏரி எதுவாக இருந்தாலும் முதல் நாளிலிருந்தே தூர்ந்துகொண்டுதான் போகும். பனி தோண்டிய ஏரிகள் பெரும்பாலும் 10,000, 15,000 வருட வயதுதான், இன்னும் சில பத்தாயிரம் வருடத்தில் பலவும் சதுப்பாகிவிடும். பைக்காலுக்கு வயது இரண்டரை முதல் மூன்று கோடி வருடம். அத்தனை காலமும் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அதன் அடியில் சில இடங்களில் 7 கிலோமீற்றர் தடிப்பில் கிடக்கிறது. அப்படியும் அது தூரவில்லை. காரணம், பிளவு இன்னும் வருடத்துக்குச் சில மில்லிமீற்றர் வீதம் விரிந்துகொண்டிருக்கிறது, அடி இறங்கிக்கொண்டே இருக்கிறது. குளத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும்: வண்டல் எல்லாம் அணைக்கட்டடியில் போய்ப் படியும் என்பது பரவலான எண்ணம். ஆறு குளத்துக்குள் நுழைந்து வேகம் குறைகிற தலைப்பகுதியிலேயே மணலும் பருக்கனும் விழுந்துவிடும். நுண்ணிய களி மட்டும்தான் அணை வரை போகும். அதாவது தூர்வது துருசுக்குக் கீழே கிடக்கிற பயன்படாத இடம் மட்டுமல்ல, வயலுக்குப் போக வேண்டிய மேல்தண்ணீரின் இடமும்தான்.

அடித்தண்ணீர் மேலே வருமா?

ஆழத்தைப் பற்றிய எண்களில் உண்மையில் கேட்க வேண்டியது இதுதான். பைக்காலும் தங்கனீக்காவும் ஆழத்தில் அண்ணன் தம்பி. ஆனால் பைக்காலின் அடி வரை உயிர் இருக்கிறது. தங்கனீக்காவின் தண்ணீரில் முக்கால் பங்கில் பற்றீரியாக்களைத் தவிர வேறு உயிர் கிடையாது. ஏன்?

ஒட்சிசன் தண்ணீருக்குள் போவது மேற்பரப்பு வழியாகத்தான், காற்றிலிருந்தும் பாசிகளிடமிருந்தும். அது அடிக்குப் போக வேண்டுமானால் மேல்தண்ணீர் கீழே இறங்க வேண்டும். மேல்தண்ணீர் இறங்க வேண்டுமானால் அது கீழ்த்தண்ணீரைவிடப் பாரமாக வேண்டும், அல்லது காற்று அதை அடித்து இறக்க வேண்டும். நன்னீர் ஆகப் பாரமாக இருப்பது 4 பாகை செல்சியஸில். அதற்கு மேலே சூடாக ஆக இலேசாகும், ஆனால் ஒரே சீராக அல்ல. 4 பாகையிலிருந்து 5 பாகைக்குப் போகும்போது ஒரு கன மீற்றரின் எடை சுமார் 8 கிராம்தான் குறைகிறது. 25 இலிருந்து 26 க்குப் போகும்போது 260 கிராம் குறைகிறது. ஒரு பாகை வித்தியாசம் வெப்பநாட்டுத் தண்ணீரில் குளிர்நாட்டுத் தண்ணீரைவிட முப்பது மடங்கு பலமாகப் படை பிரிக்கிறது.

தங்கனீக்காவின் அடியில் வெப்பநிலை 23 பாகைக்குச் சற்று மேலே, மேற்பரப்பில் 26, 27. மூன்று நாலு பாகை என்பது கையை விட்டுப் பார்த்தால்கூட அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மேற்சொன்ன கணக்கில் அது திறக்க முடியாத மூடி. மழை, காற்று, இரவுக் குளிர் எதுவும் அதை முழுதாக உடைப்பதில்லை. வடக்கில் 100 மீற்றருக்கும் தெற்கில் 200 மீற்றருக்கும் சற்று அப்பால் ஒட்சிசன் முடிந்துவிடும். அதற்குக் கீழே ஐதரசன் சல்பைட்டு. செத்து விழுகிற பாசி, மீன், கழிவு எல்லாம் கீழே போய் அங்கேயே தங்கிவிடுகின்றன, அவற்றிலுள்ள பொசுபரசும் நைதரசனும் கூட. மேலே பாசிக்குச் சாப்பாடு வர ஒரே வழி, மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்கிழக்குக் காற்று. அது மேல்தண்ணீரை வடக்கே தள்ள, தெற்கு முனையில் கீழ்த்தண்ணீர் கொஞ்சம் எழும்பும். தங்கனீக்காவின் பிரதான பிடிபாடு, இரவில் விளக்கு வைத்து அள்ளுகிற நெத்தலி அளவான சிறு மீன்கள். அந்தக் கரைகளில் காயப்போட்டு விற்பதும் அதைத்தான். அந்த மீனின் விளைச்சல் இந்த எழுச்சியில் தொங்குகிறது. மேற்பரப்பு சூடேற மூடி இன்னும் இறுகும், எழுச்சி குறையும். 2003 இல் வெளியான ஆய்வொன்று ஏரியின் உற்பத்தி சுமார் 20 வீதம் குறைந்திருக்கலாம் என்று கணித்தது அதனால்தான்.

பைக்காலில் மூடியே இல்லை என்று சொல்ல முடியாது, இருக்கிறது, ஆனால் பலமற்றது. மேலும் கீழும் வருடத்தின் பெரும்பகுதி 4 பாகையைச் சுற்றித்தான் நிற்கின்றன. அடியில் 3 பாகைக்குச் சற்றே மேல். அழுத்தம் கூடக் கூட, தண்ணீர் ஆகப் பாரமாகும் வெப்பநிலையும் 100 மீற்றருக்கு 0.2 பாகை வீதம் இறங்கும். அதனால் காற்று ஒரு பாளம் குளிர்ந்த தண்ணீரைச் சில நூறு மீற்றர் கீழே தள்ளிவிட்டால், அங்கே அது சுற்றியுள்ள தண்ணீரைவிடப் பாரமாகி, தள்ளுவாரில்லாமல் அடி வரை தானே இறங்கும். ஜூன் அளவிலும் ஜனவரியில் பனிக்கட்டி மூடுவதற்கு முன்னும் கரையோரங்களில் இது நடக்கிறது. இப்படி இறங்குகிற தண்ணீரோடு ஒட்சிசனும் போவதால்தான், உடம்பில் மூன்றிலொரு பங்கு கொழுப்பான, குஞ்சு பொரித்தே ஈனும் கொலொமியான்கா மீன் ஆகக் கீழ் ஆழம் வரை வாழ்கிறது. நன்னீரில் மட்டுமே வாழும் ஒரே கடல்நாய் இனமான நேர்ப்பா அதைத் தின்று வாழ்கிறது. சுப்பீரியருக்குக் கதை இன்னும் எளிது: வசந்தத்திலும் குளிர்காலம் தொடங்கும்போதும், வருடம் இரண்டு தரம் முழு ஏரியும் புரளும்.

நம் பக்கத்து நீர்த்தேக்கங்கள் தங்கனீக்காவின் சிறிய உறவினர். சேனநாயக்க சமுத்திரத்தின் சராசரி ஆழம், கொள்ளளவைப் பரப்பால் வகுத்தால், 12 மீற்றர் அளவில் வரும். வெப்பவலயத்து நீர்த்தேக்கங்களில் வெயில் காலத்தில் ஐந்தாறு மீற்றருக்குக் கீழேயே ஒட்சிசன் குறையத் தொடங்கலாம். ஒட்சிசன் போனதும் அடிச்சேற்றிலுள்ள இரும்பும் மங்கனீசும் கரைந்து தண்ணீரோடு சேரும். அந்த மட்டத்திலிருந்து குடிநீருக்கு எடுத்தால் பார்க்கத் தெளிவாகவே இருக்கும்; குளோரீன் போட்டபிறகுதான் மங்கனீசு கபிலமும் கறுப்புமாகப் படியும், தாங்கியிலும் வெள்ளைத் துணியிலும் கறை ஏறும். மிக மேலே எடுத்தால் பாசி வந்து வடிகட்டியை அடைக்கும். அதனால்தான் நன்றாக வடிவமைத்த நீரேற்று கோபுரத்தில் வெவ்வேறு மட்டத்தில் வாய்கள் வைப்பார்கள். பாசிப் படைக்குக் கீழே, ஒட்சிசன் முடிகிற கோட்டுக்கு மேலே எந்த வாய் நிற்கிறதோ அதைத் திறப்பார்கள். நீர்மட்டம் இறங்க இறங்க அந்த இடமும் இறங்கும்; ஒருமுறை திறந்துவிட்டு மறந்துவிடும் வேலை அல்ல. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் மட்டக்களப்புக்கும், கொண்டவட்டுவான் குளத்துத் தண்ணீர் அம்பாறைக் கரையோரத்துக்கும் குழாயில் வருகிறது. குளத்துக்குள் என்ன நடக்கிறது என்பது இந்த இரண்டு மாவட்டத்துக்கும் அடுப்படி விஷயம்.

இன்னொரு ஆபத்தான நேரம் மாரி தொடங்கும் வாரங்கள். குளிர்ந்த மழைநீரும் காற்றும் படையைச் சட்டென்று உடைக்கும்போது ஒட்சிசனில்லாத அடித்தண்ணீர் முழுவதும் கலந்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் காரணம். அந்த நேரத்தில்தான் தண்ணீரில் ஒட்சிசன் ஆகக் குறைவு, ஏனென்றால் இரவு முழுக்கப் பாசியும் சுவாசித்திருக்கும். நஞ்சு போட்டார்கள் என்று சண்டை பிடிப்பதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.

வாவியில் படை பிரிப்பது சூடல்ல, உப்பு. கடல்நீர் ஒரு கன மீற்றருக்கு நன்னீரைவிட 25 கிலோவுக்கு மேல் பாரம். நம் வெப்பநிலையில் ஒரு பாகை செய்வதைப் போல நூறு மடங்கு. வெள்ளம் மேலே ஓட, குழிகளில் உப்புத் தண்ணீர் அடைபட்டுக் கிடக்கும். நாலு மீற்றர் ஆழத்திலும் மூச்சில்லாத அடி உண்டாக அது போதும்.

வாயு நிறைந்த ஏரிகள்

மூடி ஒருபோதும் திறக்காவிட்டால் கீழே என்ன சேரும் என்பதற்குக் கமரூனின் நியோஸ் ஏரி உதாரணம். ஆழம் 208 மீற்றர்தான். அடியிலிருந்து எரிமலைக் காபனீரொட்சைட்டு கசிந்து, அழுத்தத்தால் கரைந்தபடியே வருடக்கணக்காகச் சேர்ந்தது. 1986 ஓகஸ்ட் 21 இரவு ஏதோ ஒரு குலுக்கலில் கீழ்த்தண்ணீர் கொஞ்சம் மேலே வர, அழுத்தம் குறைந்து வாயு பிரிந்தது. பிரிந்த குமிழ்கள் மேலும் தண்ணீரை இழுத்தன. சோடாப் போத்தலைக் குலுக்கித் திறந்த கதைதான். பாரமான வாயு பள்ளத்தாக்கில் இறங்கி 1,700 க்கு மேற்பட்ட மனிதரையும் ஆயிரக்கணக்கான மாடுகளையும் கொன்றது. 2001 முதல் குழாய் இறக்கி வாயுவைச் சிறிது சிறிதாக வெளியேற்றுகிறார்கள். ஒருமுறை தொடக்கிவிட்டால் பம்பி தேவையில்லை, குமிழே தண்ணீரைத் தூக்கும்.

ருவாண்டாவுக்கும் கொங்கோவுக்கும் இடையிலுள்ள கிவூ ஏரியில் கரைந்திருப்பது இதைவிடப் பல நூறு மடங்கு: சுமார் 300 கன கிலோமீற்றர் காபனீரொட்சைட்டும் 60 கன கிலோமீற்றர் மெதேனும். கரையில் இருபது இலட்சத்துக்குக் குறையாத மக்கள். மெதேனைப் பிரித்து மின்சாரம் எடுக்கும் 26 மெகாவாற்று நிலையம் 2016 இல் திறக்கப்பட்டது. 350 மீற்றர் ஆழத்திலிருந்து தண்ணீரை ஏற்றி, வாயுவைப் பிரித்து, மீதித் தண்ணீரைத் திருப்பி விட வேண்டும். இந்தத் திருப்பி விடுதலில்தான் எல்லாம் இருக்கிறது. தவறான மட்டத்தில் விட்டால் இருக்கிற படையே குலையும். மிக மேலே விட்டால் கீழ்த்தண்ணீரின் போசணை மேலே வந்து பாசி பெருகும்.

பரந்தும் ஆழமில்லாதவை

மட்டக்களப்பு வாவிக்குக் கிட்டிய உறவு பைக்கால் அல்ல, விக்டோரியாவும் வட அமெரிக்காவின் ஈரியும்தான். விக்டோரியாவின் உச்ச ஆழம் 80 மீற்றரைச் சற்றுத் தாண்டும், சராசரி 40. சுமார் 15,000 வருடத்துக்கு முன் முழுதாகவே வற்றியிருந்தது என்பதை அதன் அடிச்சேறு காட்டுகிறது. அப்படி ஆழமில்லாத ஏரியில் ஒரு மாற்றம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 1950களில் கொண்டுவந்து விட்ட நைல் பேர்ச், நம் கொடுவாவின் அதே பேரினத்து மீன், 1980களில் பெருகி, அங்கேயே தோன்றிய சிறு மீனினங்கள் இருநூறு அளவில் காணாமற்போகக் காரணமானது. மீனவருக்கும் ஏற்றுமதிக்காரருக்கும் அது பெரும் பணம், அதையும் சொல்ல வேண்டும். அடுத்தது ஆற்றுவாழை. 1990 அளவில் வந்து, 1998 இல் கென்யாவின் கிசுமு துறைமுகத்தை அடைத்துவிட்டது. இலங்கை ஆற்றுவாழைக்கெதிராகச் சட்டம் போட்டது 1909 இலேயே. நூறு வருடத்துக்குப் பின்னும் வாவியிலும் குளங்களிலும் அள்ளிக்கொண்டிருக்கிறோம். அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் அடுத்த வெள்ளத்தில் அத்தனையும் திரும்பி இறங்கும். ஈரமான ஒரு துண்டுத் தண்டு போதும் அதற்கு. விக்டோரியாவில் கைகொடுத்தது ஆற்றுவாழையை மட்டும் தின்னும் சிறு வண்டுகள்.

ஈரி, அமெரிக்கப் பேரேரிகளில் ஆகக் குறைந்த ஆழம்: சராசரி 19 மீற்றர். தண்ணீர் முழுதாக மாற 2.6 வருடம் போதும்; சுப்பீரியருக்கு 191 வருடம், பைக்காலுக்கு 330 முதல் 400 வருடம். வேகமாக மாறுவது நல்லது என்று தோன்றும். ஆனால் வயலிலிருந்து வடிகிற பொசுபரசைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்ய அங்கே போதிய தண்ணீரும் இல்லை. 2014 ஓகஸ்டில் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு குழாய்நீரில் கலந்ததால், ஈரிக் கரையிலுள்ள தொலீடோ நகரில் சுமார் நாலு இலட்சம் பேருக்கு இரண்டு மூன்று நாள் குழாய்த்தண்ணீர் குடிக்க முடியாமல் போனது. கொதிக்க வைத்தாலும் பயனில்லை. கொதித்தால் தண்ணீர் வற்றி நஞ்சு செறிவாகும். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை வயல்களின் வடிச்சல், பசளையோடு, எங்கே போய்ச் சேர்கிறது என்பது வாவிக்கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

காற்றின் வேலையும் ஆழமில்லாத ஏரியில்தான் அதிகம். காற்று ஒரு பக்கம் தள்ளித் தண்ணீரைக் குவிக்கும் உயரம், காற்றின் வேகத்தின் வர்க்கத்தோடும் ஏரியின் நீளத்தோடும் கூடும், ஆழம் கூடக் குறையும். ஈரி நீளம், ஆழம் குறைவு, காற்று நீளவாக்கில் வீசும். கடும் தென்மேற்குக் காற்றில் கிழக்கு முனையிலுள்ள பஃபலோவில் தண்ணீர் இரண்டு மீற்றருக்கு மேல் ஏறிய நாட்கள் உண்டு, அதே நேரம் மேற்கு முனையில் படகுகள் தரைதட்டும். வாவியில் கச்சான் காற்று வீசும் நாட்களில் கரைக்குக் கரை தெரிகிற சின்ன ஏற்ற இறக்கமும் இதே விதியால்தான்.

ஒரு மீற்றருக்கு நடக்கும் வழக்கு

1,642 மீற்றர் ஆழமான ஏரியில் ஒரு மீற்றர் ஏறி இறங்கினால் என்ன என்று கேட்கலாம். பைக்காலில் இருந்து வெளியேறுவது அங்காரா ஆறு ஒன்றுதான். அதில் இர்குத்ஸ்க் நகரில் கட்டிய அணை ஏரியின் மட்டத்தையே கட்டுப்படுத்துகிறது. 2001 இல் ரஷ்ய அரசு அந்த மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 456 மீற்றருக்கும் 457 க்கும் இடையில் நிற்க வேண்டும் என்று விதித்தது. வரட்சியிலும் வெள்ளத்திலும் அந்த எல்லை பின்னர் தளர்த்தப்பட்டிருக்கிறது. அந்த ஒரு மீற்றரில் மட்டும் 31 கன கிலோமீற்றருக்கு மேல் தண்ணீர், நம் கணக்கில் 33 சேனநாயக்க சமுத்திரம். மின்சாரக்காரருக்கு அது பணம். ஆனால் மீன் முட்டையிடும் கரையோரக் களப்புகளும் செலங்கா ஆற்றின் கழிமுகமும் ஆழம் குறைந்த இடங்கள். மட்டம் தாழ்ந்தால் அவை காயும், கரைக் கிராமங்களின் கிணறும் வற்றும். நடு ஏரியின் ஆழம் அவற்றுக்கு உதவாது.

தங்கனீக்காவில் இதையே இயற்கை செய்து காட்டியது. அதன் ஒரே வெளிவாய் லுக்குகா ஆறு. அது மணலும் புல்லும் சேர்ந்து அடைபட்டிருந்த காலத்தில் ஏரி ஏறிக்கொண்டே போய், 1878 இல் திட்டை உடைத்துப் பாய்ந்தது. அடுத்த வருடங்களில் ஏரியின் மட்டம் பல மீற்றர் இறங்கியது. மலாவியின் ஷிரே ஆறும் 1915 முதல் 1935 வரை ஏரி தாழ்ந்து வாயில் மணல் ஏறியதால் ஏறத்தாழ நின்றே போயிருந்தது. அந்த ஷிரே போய் விழும் கீழ்ச் சம்பேசிப் பக்கம்தான், 1952 இல் இலங்கைக்கு வந்து இன்று நம் குளத்து மீன்பிடியைத் தூக்கி நிறுத்தியிருக்கும் மொசாம்பிக் திலாப்பியாவின் சொந்த ஊர்.

வாவி கடலோடு சேரும் வாயை அடைத்த மணல் திட்டை வெட்டும், அதாவது முகத்துவாரம் வெட்டும், பேச்சு மாரியில் எழும்போது வழக்கு இதேதான், அளவு மட்டும் வேறு. பிந்தி வெட்டினால் படுவான்கரை வயலில் நெல் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்து அழுகும். முந்தி வெட்டினால் நன்னீர் கடலுக்குப் போய், மட்டம் தாழ்ந்து, கடல்நீர் ஏறும். வாவி மீனவரின் பருவம் குழம்பும். வெட்டியபின் வாயைத் தண்ணீரே அகட்டிக்கொள்ளும், யாரும் நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. ஆகவே எந்த நாளில் வெட்டுவது என்று கேட்பதைவிட, கல்லடியிலும் மேலே படுவான்கரையிலும் நீர்மட்டம் எவ்வளவு, குளங்களின் வான்கதவுகள் எவ்வளவு திறந்திருக்கின்றன, அடுத்த இரண்டு நாளில் எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்ற எண்களை மேசையில் வைத்துவிட்டுப் பேசுவதுதான் முறை.